‘நல்ல பிள்ளை, அழுவதேயில்லை’ என்றோம்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் காலை, கல்லூரி மண்டபத்தில் 1994ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பும் இருபது நிமிடம் பேசலாம் என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நேற்றுப் பேசிய அக்காமார் விடுதிச் சாப்பாட்டையும், மழைக்கால விளையாட்டுப் போட்டியையும், மணி அடிக்கும் அண்ணனையும் நினைவுபடுத்தி எங்களைச் சிரிக்கவும் அழவும் வைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் எழுதத் தொடங்கினோம். பாதியில் எங்களில் ஒருத்தி, “எனக்கு நடந்ததைச் சொல்லுங்களேன். பேர் மட்டும் வேண்டாம்” என்றாள். அதனால் எழுதியதைக் கிழித்துவிட்டு இதை எழுதினோம்.

எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேர். ஒருவர் குடும்பநல மருத்துவ மாது. ஒருவர் தாதி. ஒருவர் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் பொறுப்பாளர். இருவர் ஆசிரியைகள். ஒருவர் ஹட்டனில் வங்கியில் வேலை. ஒருவர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில். ஒன்பதாவது ஆளின் கதைதான் இது. அவளும் ஆசிரியைதான். அவள் இந்த மண்டபத்தில் எந்த வரிசையில் இருக்கிறாள் என்று தயவுசெய்து தேட வேண்டாம்.

தாய்ப்பால் பற்றித்தான் பேசப்போகிறோம். மண்டபத்தில் ஆண்களும் இருக்கிறார்கள், இதையெல்லாம் மேடையில் பேசலாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் நடந்தது. பேசாமல் விட்டதால் ஒரு பிள்ளை சாகப் பார்த்தது என்ற ஒரே காரணம் போதும் என்று முடிவு செய்தோம்.

விடுதியிலிருந்து தொடங்குகிறோம். தோட்டத்துப் பீலியில் குளித்து வளர்ந்த எங்களுக்கு விடுதியின் சீமெந்துத் தொட்டி ஒரு புதுமை. குறுக்குக்கட்டோடு வரிசையில் நின்று, ஆளுக்கு ஆறு வாளி என்று கணக்குப் போட்டுக் குளிப்போம். அவள் மட்டும் எப்போதும் கடைசியில்தான் வருவாள். குளிர் தாங்காதவள் என்று நினைத்தோம். ஒருநாள்தான் காரணம் தெரிந்தது. அவளுடைய ஒரு மார்பு நன்றாக வளர்ந்திருந்தது. மற்றது வளரவேயில்லை என்று சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே அகலமான இடைவெளி. பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தோம். சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் விடிவதற்கு முன்பே தனியாகக் குளிக்கப் போய்விடுவாள்.

சுகாதார பாடத்தில் அந்த அலகு வந்தபோது, “இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லாப் பாடசாலையிலும் அப்படித்தான். நாங்கள் வீட்டில் வாசித்தோம், பரீட்சைக்குப் பாடமாக்கினோம். நம் ஒருத்தியின் உடம்போடு அந்தப் பக்கத்துக்குச் சம்பந்தம் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இருபது வருடங்களுக்கு முன் அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பிறந்த நிறை 2.6 கிலோ. நம் மலையகத்தில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் அதிகம் என்பதால், இரண்டரைக் கிலோவைத் தாண்டியதே எல்லோருக்கும் சந்தோஷம். வைத்தியசாலையில் பிறந்த உடனேயே பிள்ளையை நெஞ்சில் போட்டார்கள். சீம்பால் ஊட்டச் சொன்னார்கள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டில் தாய்மாருக்கெல்லாம் மார்பு கட்டி, சட்டை நனைந்தது. இவளுக்கு ஒன்றும் இல்லை. “அக்கா, எனக்குப் பால் இறங்கினமாதிரி தெரியலை” என்று கேட்டாள். “பிள்ளையைப் போட்டுக்கிட்டே இருங்க, வரும்” என்றார்கள்.

வீட்டுக்கு வந்தாள். மாமி முருங்கைக்கீரை, பூண்டுக் குழம்பு, சுறாக் கருவாடு என்று வேளைக்கு வேளை சமைத்துப் போட்டார். பிள்ளை மணிக்கணக்காகச் சப்பும், அப்படியே தூங்கும். எட்டாம் நாள் நாங்கள் ஐந்து பேர் பஸ் ஏறிப் பார்க்கப் போனோம். பிள்ளை ஒரு மூலையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்த மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூட அழவில்லை. “எவ்வளவு நல்ல பிள்ளை, அழுவதேயில்லை” என்று ஆளுக்கு ஆள் சொன்னோம்.

அவள் எங்களைத் தனியே கூப்பிட்டு, “எனக்குப் பால் இல்லைன்னு நினைக்கிறேன்” என்றாள். எங்களில் மருத்துவ மாதாக இருப்பவர் அப்போதுதான் பயிற்சி முடித்து வேறொரு பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர் சொன்னார்: “பால் இல்லாத தாய் உலகத்திலேயே கிடையாது. உனக்கு மனசுதான் காரணம்.” மற்ற நான்கு பேரும் தலையாட்டினோம். ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போய், “மார்பு அழகு கெட்டுப்போகும்னு பயப்படுறியா?” என்று கேட்டாள். விடுதித் தொட்டியடியில் சிரித்த அதே நாங்கள்தான் இதையும் கேட்டோம்.

துணியில் செங்கல் நிறத்தில் கறை படிந்திருப்பதை அவள் காட்டினாள். சூடு என்றோம். ஒரு நாளில் எத்தனை துணி நனைகிறது என்று கேட்கவில்லை. நிறை பார்த்தாயா என்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கிளினிக்கில் நிறுத்தபோது பிள்ளை 2.2 கிலோ. பிறந்த நிறையில் நானூறு கிராம் போயிருந்தது. நூற்றுக்குப் பதினைந்து வீதம். அன்றைக்கே வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். உடம்பில் நீர் வற்றி, குருதியில் உப்பு ஏறியிருந்தது. அழாததற்குக் காரணம் அழத் தெம்பில்லாததுதான். ‘நல்ல பிள்ளை’ என்ற சொல்லை இன்றைக்கும் எங்களால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

பிள்ளை பிழைத்தது. அங்கே ஒரு பெண் வைத்தியர் தாயைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் மார்பைப் பரிசோதித்தார். “கர்ப்பமாக இருந்தபோது மார்பு பெருத்ததா? சட்டை அளவு மாறியதா?” என்று கேட்டார். இல்லை என்றாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. “உங்கள் மார்பில் பால் சுரக்கும் இழையம் போதிய அளவு வளரவில்லை. இது உங்கள் பிழை இல்லை” என்று வைத்தியர் சொன்னார். அந்த இரண்டாவது வசனத்தைக் கேட்டதும் தான் அழுததாக அவள் எங்களிடம் சொன்னாள். சொன்னது நான்கு வருடங்கள் கழித்து.

இனி, அன்றைக்கு எங்களுக்குத் தெரியாதிருந்ததைச் சொல்கிறோம். எங்கள் தாதியும் மருத்துவ மாதும் இந்தப் பகுதியைச் சரிபார்த்துத் தந்திருக்கிறார்கள்.

மார்பின் பருமனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொழுப்பு. பாலைத் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் சுரப்பி இழையம். ஆகவே சிறிய மார்பு என்றால் பால் குறையும் என்பது பொய். சிறிய மார்புள்ள மிகப் பெரும்பாலான தாய்மார் தாராளமாகப் பால் கொடுக்கிறார்கள். இரண்டு மார்பும் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பதும் சாதாரணம். பின்வரிசைப் பிள்ளைகளே, இதைக் கேட்டு வீணாகப் பயப்பட வேண்டாம்.

வயதுக்கு வரும் பருவத்தில் பால் நாளங்கள் கிளைவிடுகின்றன. மாதவிடாய் தொடங்கிய பின் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரப்பிகள் கூடுகின்றன. கர்ப்ப காலத்தில்தான் அவை பெருகிப் பால் சுரக்கத் தயாராகின்றன. பிரசவத்தில் நச்சுக்கொடி வெளியேறியதும் உடம்பின் ஓமோன்கள் மாறி, இரண்டு மூன்று நாளில் பால் இறங்குகிறது. அதன் பிறகு பிள்ளை எவ்வளவு குடித்து வெறுமையாக்குகிறதோ அவ்வளவு மீண்டும் சுரக்கிறது. “போட்டுக்கிட்டே இருங்க, வரும்” என்று எல்லோரும் சொல்வது இந்த விதியை வைத்துத்தான். நூறு தாய்மாரில் மிகப் பலருக்கு அது சரியான புத்திமதி. ஆனால் சுரப்பி இழையமே குறைவாக உள்ள ஒரு தாய்க்கு அது மட்டும் போதாது. செடி குறைந்த மலையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்கினாலும் கூடை நிறையாது. இதைக் கொழுந்து பறிக்கும் எங்கள் அம்மாமாருக்குச் சொன்னபோது உடனே விளங்கிக்கொண்டார்கள்.

இதற்குச் சில அடையாளங்கள் உண்டு. இரண்டு மார்புக்கும் இடையே அகலமான வெளி, ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட அளவு, உருண்டையாக இல்லாமல் குழாய்போல ஒடுங்கிய வடிவம், கர்ப்ப காலத்தில் மாற்றமே இல்லாதிருத்தல், பிரசவத்துக்குப் பின் மூன்று முதல் ஐந்தாம் நாள் வரையில் மார்பு கட்டாதிருத்தல். 2000ஆம் ஆண்டில் கத்லீன் ஹகின்ஸ் என்பவரும் அவரது குழுவினரும் இத்தகைய 34 தாய்மாரை ஆராய்ந்து, இந்த அடையாளங்களை முன்கூட்டியே கவனிக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் அடையாளத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இப்படி மார்பு உள்ள சிலருக்குப் பால் போதுமான அளவு வருவதும் உண்டு. தீர்ப்புச் சொல்ல வேண்டியது பிள்ளையின் நிறைதான்.

உண்மையாகவே பால் குறைவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. பிரசவத்தில் அதிகமாகக் குருதி போனால் மூளையின் அடியில் உள்ள கபச் சுரப்பி பாதிக்கப்பட்டுப் பால் வராமலே போகலாம். ஷீஹன் என்ற வைத்தியர் 1937ஆம் ஆண்டிலேயே இதை விவரித்திருக்கிறார். நச்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிட்டாலும் பால் இறங்கத் தாமதமாகும். தைரொயிட் குறைபாடும், மார்பில் செய்த சத்திரசிகிச்சையும் காரணமாகலாம். இவற்றில் சிலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதனால்தான் “மனசுதான் காரணம்” என்று சொல்லி அனுப்பிவிடக்கூடாது.

பால் போதவில்லை என்று தாய்மார் பயந்து, உண்மையில் போதுமானதாக இருக்கும் சந்தர்ப்பங்கள்தான் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னேரங்களில் பிள்ளை அழுகிறது, ஆறு கிழமைக்குப் பின் மார்பு மெத்தென்று ஆகிவிட்டது, பிழிந்து பார்த்தால் கொஞ்சம்தான் வருகிறது என்பவை பால் குறைவுக்கு அடையாளம் அல்ல. தாய் மெலிந்திருக்கிறாள், குருதிச்சோகை இருக்கிறது என்பதற்காகவும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாய்க்குச் சாப்பாடு வேண்டும், இரும்புச்சத்து மாத்திரை வேண்டும், திரிபோஷாவைப் பங்குபோடாமல் அவளுக்கே கொடுக்க வேண்டும். முருங்கைக்கீரையும் பூண்டும் நல்ல சாப்பாடு, கொடுங்கள். ஆனால் இல்லாத இழையத்தை எந்தக் கீரையாலும் முளைக்கவைக்க முடியாது. சில வேளை பால் கூட மாத்திரை எழுதுவார்கள். அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தங்கைக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கக்கூடாது.

எதைப் பார்ப்பது? மூன்று விடயங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணியாவது சிறுநீரில் நன்றாக நனைய வேண்டும். முதல் சில நாளுக்குப் பின்னும் செங்கல் நிறக் கறை தொடர்ந்தால் உடனே காட்ட வேண்டும். முதல் நாட்களில் நிறை கொஞ்சம் குறையும். ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக்கூடாது. இரண்டு கிழமை ஆகும்போது பிறந்த நிறைக்குத் திரும்பியிருக்க வேண்டும். பாலுக்கு எழும்பாமல் தூங்கிக்கொண்டேயிருக்கும் பிள்ளையை நல்ல பிள்ளை என்று சொல்லாமல் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

பால் உண்மையாகவே குறைவு என்றால் பாலூட்டல் அத்தோடு முடிந்துவிட்டதா? இல்லை. எங்கள் தோழிக்கு அந்த வைத்தியசாலையில் ஒரு வழி காட்டினார்கள். ஒரு கோப்பையில் அளந்து கரைத்த பால். அதில் மெல்லிய குழாயின் ஒரு நுனி. மறுநுனி முலைக்காம்போடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். பிள்ளை மார்பில் சப்பும்போது தாயின் பாலும் குழாய் வழியே வரும் பாலும் சேர்ந்தே வாய்க்குள் போகும். பிள்ளை சப்புவதால் இருக்கிற சுரப்பி முழுமையாக வேலை செய்யும், பிள்ளையும் பட்டினி கிடக்காது. அவளுக்குப் பிள்ளையின் தேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பால் இருந்தது. அந்த மூன்றில் ஒரு பங்கைப் பதினொரு மாதம் கொடுத்தாள். முழுப் பாலும் கொடுத்த எங்களில் பலர் அவ்வளவு நாள் கொடுக்கவில்லை. குழாய் வசதி இல்லாத இடத்தில் சிறு கோப்பையால் புகட்டலாம். தமிழகத்தில் சங்கு, பாலாடை என்று நம் முன்னோர் வைத்திருந்ததும் இதற்குத்தான். போத்தலும் சூப்பியும் கழுவிக் கிருமி நீக்குவது லயத்து அடுப்படியில் எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். கோப்பையைக் கழுவுவது இலேசு.

இப்போது நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கை தாய்ப்பால் விடயத்தில் உலகத்துக்கே முன்மாதிரி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். 2020இல் 97 நாடுகளை ஒப்பிட்டபோது தாய்ப்பாலூட்டலுக்கான ஆதரவில் நமக்கு முதலிடம் கிடைத்தது. 1981இல் உலக சுகாதாரத் தாபனம் பால்மாக் கம்பனிகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் கோவையைக் கொண்டுவந்த இரண்டே வருடத்தில், 1983இல், நாம் நமக்கென்று ஒரு கோவையை வைத்துக்கொண்டோம். அதற்கு வெகு காலம் முன்பே, 1939இல், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். இனிப்புச் சேர்த்த டின் பாலைப் பச்சைப் பிள்ளைகளுக்கு விற்பது கொலைக்குச் சமம் என்று வியாபாரிகள் நிறைந்த சபையிலேயே சொன்னார். அந்த டின் பால் நம் லயங்களுக்கும் வந்தது. நம் பாட்டிமார் அதைத் தண்ணீராகக் கரைத்துப் பிள்ளைகளுக்குப் புகட்டிய கதைகள் நம் வீடுகளில் இருக்கின்றன.

ஆகவே நம் மருத்துவ மாதுகள் தாய்ப்பாலுக்காகப் போராடியது சரியான போராட்டம். அதில் எங்களுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் விதிகளிலேயே ஒரு சிறு சொற்றொடர் இருக்கிறது. பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்கக்கூடாது, ‘மருத்துவத் தேவை இருந்தாலன்றி’. எந்தெந்தக் காரணங்களுக்காகக் கொடுக்கலாம் என்று உலக சுகாதாரத் தாபனமும் யுனிசெஃபும் 2009இல் ஒரு பட்டியலே வெளியிட்டிருக்கின்றன. கோவை தடை செய்வது பால்மாவுக்கு விளம்பரம் செய்வதை. தேவைப்படும் பிள்ளைக்குப் பால்மா கொடுப்பதை அல்ல. சுவரொட்டியில் இடம் இல்லாமல் அந்தச் சொற்றொடர் விடுபட்டுப்போகிறது. அன்றைக்கு எங்கள் மருத்துவ மாதின் வாயிலும் விடுபட்டது. இன்று அவர் தன் பிரிவில் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் அந்த வைத்தியர் கேட்ட கேள்வியைக் கேட்கிறார். “என் இருபது வருட வேலையில் நான் திருத்திக்கொண்ட மிகப் பெரிய பிழை அது” என்று இந்த உரையில் எழுதச் சொன்னார்.

எங்கள் தோழி ஆசிரியை. சம்பளத்தோடு லீவு இருந்தது, கணவனுக்கும் சம்பளம் இருந்தது, வைத்தியசாலைக்குப் போக வான் பிடிக்க முடிந்தது. அதே உடம்போடு ஒரு கொழுந்து பறிக்கும் தங்கை இருந்தால் அவள் கதை என்னவாகும்? எங்களில் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் இருப்பவர் பதில் சொன்னார். “அவள் வாயே திறக்க மாட்டாள். பால் இல்லாதவள் என்று லயத்தில் பேர் வந்துவிடும் என்று பயந்து, ராத்திரியில் சீனித் தண்ணியும் தண்ணீர் கலந்த மாட்டுப்பாலும் கொடுப்பாள். மூன்று மாதத்தில் பிள்ளை என்னிடம் வரும்போதுதான் எனக்குத் தெரியும்.”

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நம் தோட்டப் பெண்களுக்கும் உரியது. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து லீவு பாதியாகக் குறைந்துவிடும். 2018இல் செய்த திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். வேலைக்குத் திரும்பிய பின், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள். பிள்ளைக் காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். சட்டம் அப்படி. ஆனால் மேல் மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி ஏறுவதற்கே அரை மணி போய்விடும். பால் கொடுத்துவிட்டு வருவதற்குள் கிலோ குறையும். கிலோ குறைந்தால் முழுப்பேர் விழாது. பேர் விழாமல் போகும் என்ற பயத்தில் மத்தியானப் பாலைத் தவறவிடும் தாய்க்கு, சுரப்பி நன்றாக இருந்தாலும் பால் வற்றத்தான் செய்யும். அதுவும் பால் குறைவுதான். அதற்குக் காரணம் அவள் உடம்பு அல்ல.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அடுத்த வருடமே பால்மாப் பெட்டிக்கு வரிசையில் நின்றோம். அந்த விலையில் வாங்கிய பால்மாவை ஒரு தாய் மூன்று கரண்டிக்குப் பதிலாக ஒன்றரைக் கரண்டி போட்டுக் கரைத்தால் அவளைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் அதில் பிள்ளை மெலிந்துபோகும். பால்மா தவிர்க்க முடியாத பிள்ளைக்கு, கொதித்த தண்ணீரில், பெட்டியில் சொன்ன அளவில், கோப்பையில் என்று யாராவது பக்கத்தில் இருந்து காட்டித்தர வேண்டும். ‘கொடுக்காதே’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவள் ஒளித்துக் கொடுப்பாள். ஒளித்துக் கொடுக்கும் பால்தான் தண்ணீராகும்.

இனி எங்கள் வேண்டுகோள்கள். நூற்றாண்டு விழாவில் ஒவ்வொரு வகுப்பும் பாடசாலைக்கு ஒரு பரிசு கொடுக்கிறது. எங்கள் வகுப்பு ஒன்பது பேரும் சேர்ந்து, நாங்கள் படித்த காலத்தில் விடுதிக்குப் பிள்ளைகளை அனுப்பிய தோட்டங்களில் மூன்றுக்குப் பச்சைப் பிள்ளைகளை நிறுக்கும் தராசு வாங்கிக் கொடுக்கிறோம். மூன்றும் அடுத்த மாதம் போய்ச் சேரும். மற்ற வகுப்புகளும் சேர்ந்தால் இன்னும் சில தோட்டங்களுக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது, அதிபர் அவர்களிடம். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் தாதியும் மருத்துவ மாதும் வந்து பேச அனுமதி தாருங்கள். திருப்பிவிட்ட அந்தப் பக்கத்தை அவர்கள் நடத்துவார்கள். மார்பு வளரவில்லை, ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று மனதுக்குள் வைத்துப் புழுங்கும் ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் இருப்பாள். பின்னாளில் கர்ப்பமாகும்போது அதை முதல் கிளினிக்கிலேயே சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் அக்கா, தங்கைமாரிடம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாலூட்டலுக்கு உதவ என்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குச் சந்தேகம் என்றால் வெட்கப்படாமல் அவர்களிடம் போங்கள். ஊரில் தங்கைக்குப் பிள்ளை பிறந்தால் பார்சலில் பால்மா டின் அனுப்புவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். எத்தனை துணி நனைகிறது, நிறை எவ்வளவு என்று கேளுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையம் இருக்கிறது, அங்கே போகச் சொல்லுங்கள். வான் கூலிக்குப் பணம் அனுப்புங்கள். அந்த நேரத்தில் டின்னைவிட வான் கூலி பெரிய உதவி.

கடைசியாக எல்லோரிடமும். பிள்ளை பார்க்கப் போகும்போது, “பால் இருக்கா?” என்று எட்டுப் பேர் முன்னால் கேட்காதீர்கள். “பால் இல்லை” என்று ஒரு தாய் உங்களிடம் தனியாகச் சொன்னால், “அப்படியெல்லாம் இருக்காது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் அவள் பயம் வீணாகத்தான் இருக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது தராசு. “வா, பிள்ளையை நிறுத்துப் பார்ப்போம்” என்று சொல்லி அவளோடு நடங்கள்.

எங்கள் தோழிக்கு இரண்டாவது பிள்ளையும் பிறந்தது. இந்த முறை கர்ப்பமாக இருந்தபோதே எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள் நிறை பார்த்தார்கள். முதல் பிள்ளைக்கு இருந்ததைவிடக் கூடுதலாகப் பால் இருந்தது. பல தாய்மாருக்கு அப்படி நடப்பதுண்டாம். போதாத மிச்சத்துக்கு நான்காம் நாளே கோப்பையில் பால் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை நன்றாக அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மூத்தவள் இப்போது பல்கலைக்கழகம் போகக் காத்திருக்கிறாள். இந்த உரையை நேற்று இரவு அவள்தான் எங்களுக்குத் தட்டச்சு செய்து தந்தாள். ‘நல்ல பிள்ளை’ என்ற இடத்தில் நிறுத்தி, “இது நானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றோம். ஒன்றும் சொல்லாமல் மீதியைத் தட்டச்சு செய்தாள்.

தோழி, விடுதித் தொட்டியடியில் சிரித்ததற்கும், எட்டாம் நாள் உன் வீட்டில் உன்னை நம்பாமல் எழும்பி வந்ததற்கும், இந்த மண்டபத்தில், நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியைகள் முன்னால் நாங்கள் எட்டுப் பேரும் மன்னிப்புக் கேட்கிறோம்.